ஆறு மெகாபிக்சலும் ஓர் அடுக்களையும்

"எந்தக் கேமரா வாங்கலாம்?" இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் திருப்பி ஒரு கேள்விதான் கேப்பேன். "யாரை எடுக்கப் போறீங்க?" பாதிப் பேர் முழிப்பாங்க. மீதிப் பேர் "சும்மா, எல்லாத்தையும்தான்"ம்பாங்க. எல்லாத்தையும் எடுக்க இன்னைக்கு பாக்கெட்டுல இருக்குற ஃபோனே போதும் மக்களே. அதுக்காக ஒரு கிலோ கனத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு அலைய வேண்டாம்.

நான் வாங்கினது 2008ல. அப்போ ஃபோன்ல எடுத்த படம் ஃபோன்லயே பாத்தாத்தான் படம் மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி எங்க சொந்தத்துல கேமரான்னா யாஷிகா எம்எஃப்-2. கலியாணம், காதுகுத்து, பொங்கல் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் வீடு வீடா இரவல் போயிட்டு வரும். 36 படம் உள்ள ரோலை ரெண்டு வருசம் ஓட்டின குடும்பமெல்லாம் உண்டு. பாதி ரோல்ல தீபாவளி, மீதியில அடுத்த வருசக் கொடை.

டிஎஸ்எல்ஆர்னு ஒண்ணு நம்மள மாதிரி சம்பளக்காரன் கனவு காணுற விலைக்கு வந்ததே 2003ல கேனான் 300டி வந்த பிறகுதான். ஆயிரம் டாலருக்குக் கீழ வந்த முதல் டிஎஸ்எல்ஆர் அது. அதுக்கும் 28 வருசம் முன்னாடி, 1975ல, கோடக் கம்பெனியில ஸ்டீவன் சாஸன்ங்கிற இஞ்சினியர் செஞ்ச முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ எடை. ஒரு படத்தை கேசட்ல பதிய 23 செகண்ட். படமோ 100க்கு 100 புள்ளி. நம்ம ஊர்க் கலியாண வீட்டுல அதைத் தூக்கிட்டுப் போனா மிக்ஸி பரிசு கொண்டு வந்திருக்கான்னு நினைச்சிருப்பாங்க :-)

சரி, விஷயத்துக்கு வாரேன். என் பட்ஜெட்டுக்குள்ள அப்போ ரெண்டே ரெண்டுதான் வந்துச்சு. கேனான் 1000டி, அது 2008ல புதுசா வந்திருந்தது, 10 மெகாபிக்சல். இன்னொண்ணு நிக்கான் டி40, 2006 கடைசியில வந்தது, வெறும் 6 மெகாபிக்சல். ஆஃபீஸ்ல எல்லாரும் பத்து பெருசா ஆறு பெருசான்னு கேட்டு என்னையக் கேலி பண்ணினாங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். டி40 படம் 3008க்கு 2000 புள்ளி. இஞ்சுக்கு 250 புள்ளி வச்சு அடிச்சா 12க்கு 8 இஞ்சு படம் சுத்தமா வரும். எங்க வீட்டு பட்டாசல் சுவர்ல அதைவிடப் பெருசா எதுவும் தொங்கினதில்ல. போதும்னு முடிவு பண்ணிட்டேன். துபாய்ல இருந்து லீவுக்கு வந்த அத்தான் வாங்கிட்டு வந்தாங்க. கூட ஒரு 18-55 லென்ஸ்.

அப்பா விலையைக் கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ரெண்டு பவுன் எடுத்திருக்கலாம்" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு பேப்பரை விரிச்சுட்டாங்க. எங்க வீட்டுல பவுனுக்கு ஒரு கதை இருக்கு. பின்னால வரும்.

யாரை எடுக்கணும்னு எனக்குத் தெளிவாத் தெரியும். ஆச்சியை. காரணம், தாத்தா. தாத்தா 1996ல தவறினப்போ மாலை போட ஒரு படம் இல்ல. தேடித் தேடி ஒரு கலியாண குரூப் போட்டோ கிடைச்சது. அதுல தாத்தா மூணாவது வரிசையில, மாப்பிள்ளைத் தோழனுக்குப் பின்னால முக்கால் முகமா நிக்காங்க. ஸ்டூடியோக்காரர் அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்கி, மறைஞ்சு போன தோளை பிரஷ்ல வரைஞ்சு குடுத்தார். வரைஞ்சவர் கூடவே ஒரு காலரையும் வரைஞ்சுட்டார். எங்க தாத்தா வாழ்நாள்ல காலர் வச்ச சட்டை போட்டதில்ல. மேல துண்டுதான். செத்த பிறகு பன்னெண்டு வருசமா காலர் சட்டையோட சுவர்ல இருந்தாங்க. ஆச்சி அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் "யாரோ தாசில்தார் கணக்கா இருக்காவ"ன்னு சொல்லுவா.

ஆச்சிக்கும் ரேஷன் கார்டு படத்தைத் தவிர வேற கிடையாது. கேமராவைப் பாத்தா முந்தானையைத் தலை வழியா இழுத்து ரெண்டு காதையும் மூடிக்கிடுவா. அப்படியே எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிருவா.

இப்போ எங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம். சிந்துபூந்துறையில ஆத்துக்குப் பக்கம். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளை மாதிரி அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. தெரு, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல்னு ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போகும். கேமரா கத்துக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாதுங்கிறது என் கட்சி.

ஏன்னா வெளிச்சம் அந்த வீட்டுல படிப்படியா இறங்கும். மத்தியானம் தெருவுல ஐஎஸ்ஓ 200, எஃப்/8 வச்சா 1/800 செகண்ட். கேமராவுல மீட்டர் இல்லாத காலத்துல இருந்தே உள்ள கணக்குதான் இது. நல்ல வெயில்ல எஃப்/16 வச்சா ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டருக்கு வச்சுக்கலாம், அதுல இருந்து கூட்டிக் குறைச்சுக்க வேண்டியது. திருநெல்வேலி வெயில் இந்தக் கணக்குக்கு ஒருநாளும் துரோகம் பண்ணாது. ஒரு படி ஏறி தார்சாவுக்கு வந்தா அதே எஃப்/8ல 1/100 ஆயிரும். வெளிச்சம் எட்டுல ஒரு பங்கு. நம்ம கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, கண்ணு சத்தமில்லாம சரிபண்ணிக்கிடும். பட்டாசல்ல எஃப்/5.6க்குத் திறந்தாலும் 1/15. அடுக்களையில அரை செகண்ட். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏத்தினாத்தான் அங்க 1/15 கிடைக்கும். ஆச்சி கரண்டியை ஆட்டினா கரண்டியே காணாமப் போயிரும் அந்த வேகத்துல.

கணக்குப் பண்ணிப் பாத்தா தெருவுக்கும் அடுக்களைக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஐம்பது அடி தூரத்துல ஆயிரம் மடங்கு. எங்க வீட்டுப் பொம்பளைங்க அறுபது வருசமா அந்த ஆயிரத்துல ஒரு பங்குலதான் சமைச்சிருக்காங்கன்னு ஒரு மெஷின் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது.

ஃபிளாஷ் போட்டா என்னன்னு கேப்பீங்க. போடலாம். புகையேறின சுவரும் வெளுத்து, ஆச்சி மூஞ்சியில எண்ணெய் பூசின மாதிரி பளபளன்னு விழும், பின்னால கரிக்கட்டி மாதிரி ஒரு நிழல். போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த படம் மாதிரி. வேண்டாம்னு அதை மடக்கினவன் அப்புறம் வீட்டுக்குள்ள திறக்கவே இல்ல.

மாசம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிச்சு வந்தா ரெண்டு நாள் கைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை விடியக்காலை குறுக்குத்துறை. ஆத்துக்குள்ளேயே இருக்குற முருகன் கோவில் நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும். வெள்ளம் வந்தா முங்கிரும், உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டு போயிருவாங்க, வெள்ளம் வடிஞ்சதும் கழுவி விட்டுட்டு திரும்பவும் பூசை. தண்ணியை எதுத்து நிக்க கோவிலோட முன்பக்கத்தைப் படகு மூக்கு மாதிரி கூராக் கட்டியிருப்பாங்க. அந்த மூக்குல தண்ணி பிரியுறதை மெதுவான ஷட்டர்ல எடுத்தா பாலா வரும், வேகமா எடுத்தா கண்ணாடிச் சில்லா வரும். ஷட்டர் வேகம்னா என்னன்னு எனக்கு அந்தக் கல்லுதான் சொல்லிக் குடுத்துச்சு. எந்தப் புஸ்தகமும் இல்ல.

முதல் நாளே அங்க ஒரு அக்கா. துவைச்சுக்கிட்டு இருந்தவங்க, நான் பையைத் திறக்கும்போதே கேட்டுட்டாங்க.

"ஏ தம்பி, என்னத்த எடுக்கப் போற?"

"கோவில எடுக்கப் போறேன்க்கா."

"கோவில எடு. இந்தப் பக்கம் திருப்பாத, பிள்ளைங்க குளிக்குது."

அவ்வளவுதான். படித்துறைக்கு முதுகு காட்டி நின்னுதான் அன்னைக்கு முழுக்க எடுத்தேன். நாலஞ்சு மாசம் இப்படியே போச்சு. ஒருநாள் அவங்களே கூப்பிட்டு, "எம்பொண்ணை ஒண்ணு எடுத்துத் தாரியாய்யா, சடை போட்டிருக்கா"ன்னாங்க. தாழம்பூ வச்சுத் தச்ச சடை. பொண்ணைத் திரும்பி நிக்க வச்சு சடையை ஒண்ணு, முகத்தை ஒண்ணு. அடுத்த மாசம் பிரிண்ட் போட்டுக் கொண்டு குடுத்தேன். ஆத்தங்கரையில கேமராவோட நிக்க எனக்குக் கிடைச்ச லைசென்ஸ் அதுதான்.

கூந்தன்குளத்துக்கும் போனேன். 1994ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச ஊர். இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து குளத்து நடுவுல நிக்கும். என்கிட்ட இருந்த 55 மில்லிமீட்டர்ல அது கடுகு. பெரிய லென்ஸ் வச்சவங்க பக்கத்துல குழாய் குழாயா நிறுத்தி வச்சு எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் குளத்தை விட்டுட்டு ஊருக்குள்ள போயிட்டேன். அங்க வீட்டு வாசல் மரத்துல நாரை கூடு கட்டியிருக்கும், கீழ பாட்டி முறத்துல அரிசி புடைப்பா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது. கூட்டுல இருந்து தவறி விழுற குஞ்சை எடுத்து வச்சுத் தீனி குடுக்குற ஊர் அது. அந்தப் படத்துக்கு 18-55 தாராளம். பறவையை மட்டும் பெருசா எடுத்த படங்கள்ல அந்த ஊர் எங்க இருக்குன்னு நான் இன்னமும் தேடுவேன்.

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, பாபநாசம்னு மார்கழியில பிசான நெல்லு பச்சையா நிக்கும்போது ஒரு சுத்து போனதையும் சொல்லணும். பின்னால பொதிகை. யார் எடுத்தாலும் நல்லாத்தான் வரும், அதனால அதைப் பத்திப் பெருமை பேச ஒண்ணுமில்ல. ஒண்ணே ஒண்ணு: என் டி40 வயக்காட்டுல கொஞ்சம் தூக்கலாத்தான் வெளிச்சம் வாங்கும், மைனஸ் 0.7 வச்சாத்தான் மேகம் மேகமா இருக்கும்.

2007ல ஆரம்பிச்ச 'பிட்', அதான் 'தமிழில் புகைப்படக்கலை' பதிவு, மாசாமாசம் ஒரு தலைப்பு குடுத்துப் போட்டி வைப்பாங்கல்லா, அதுக்காகவே எடுத்த படங்களும் உண்டு. பரிசு ஒண்ணும் வாங்கல. ஆனா ஒரு தலைப்பை மனசுல வச்சுக்கிட்டு மாசம் பூரா அலையுறது ஒரு ருசி.

இத்தனையும் சுத்தினது ஆச்சிக்காகத்தான். அடுக்களை இருட்டுக்கு வழி லென்ஸ்தான்னு தெரிஞ்சுபோச்சு. நிக்கான்ல விலை மலிஞ்ச 50 எஃப்/1.8 பழைய லென்ஸ் ஒண்ணு உண்டு. ஆனா டி40க்கு உடம்புல ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸைப் போட்டா கையாலதான் திருகணும். 2009ல 35 எஃப்/1.8 வந்துச்சு, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. எஃப்/5.6க்கும் 1.8க்கும் வெளிச்சம் சுமார் பத்து மடங்கு வித்தியாசம். மறுபடியும் அத்தான், மறுபடியும் துபாய். இந்தத் தடவை அப்பாகிட்ட விலை சொல்லல, அவங்களும் கேக்கல.

2010 தை மாசம். அடுக்களையில புறவாசல் பக்கம் ஒரு சன்னல், ஒண்ணரை அடி அகலம். ஆச்சி அதுக்குக் கீழ உக்காந்து சுளகுல உளுந்து பாத்துக்கிட்டு இருந்தா. நான் எதுத்தாப்புல தரையில. கேமராவைக் கையில வச்சிருந்தேன், தூக்கல. சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்.

"ஏன் ஆச்சி போட்டோன்னா ஓடுத?"

"இந்தக் காத எவம் பாப்பான்?"

அன்னைக்குத்தான் முழுசாச் சொன்னா. ஆச்சிக்குப் பாம்படம் இருந்திருக்கு. கலியாணத்துல போட்டது. 1974ல அத்தை கலியாணத்துக்கு அதை வித்தாச்சு. பவுன் போச்சு, காது மட்டும் தோளைத் தொடுற அளவுக்குத் தொங்கிக்கிட்டு நின்னுபோச்சு. கூட்டாளிப் பொம்பளைங்க சிலபேர் காதை வெட்டித் தச்சுக்கிட்டாங்களாம். ஆச்சிக்கு அதுக்கும் துட்டு இல்ல, அப்புறம் துட்டு வந்தப்போ மனசு இல்ல.

சொல்லிக்கிட்டே ஆச்சி சுளகைத் தட்டினா. முந்தானை தோள்ல நழுவிருச்சு, அதை இழுத்து விடல. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து அந்தக் காதோட ஓட்டை வழியா கழுத்துல ஒரு சின்ன வட்டம். நான் கேமராவைக் காட்டி, "எடுக்கட்டுமா?"ன்னேன். ஆச்சி ஒண்ணும் சொல்லல. முந்தானையையும் இழுக்கல. ஐஎஸ்ஓ 800, எஃப்/2, 1/60. ஆச்சிக்கு நல்ல கறுத்த முகம், வெள்ளைச் சேலை. மொத்தமா அளந்தா மீட்டர் சேலையைப் பாத்துட்டு முகத்தை இருட்டாக்கிரும். அதனால முகத்தை மட்டும் ஸ்பாட்டுல அளந்தேன்.

இந்தக் கேமராவுல ஒரு விசேஷம் உண்டு. உள்ள சாய்வா ஒரு கண்ணாடி, அதுல பட்டுத்தான் உருவம் நம்ம கண்ணுக்கு வரும். பட்டனை அமுக்கினதும் கண்ணாடி மேல போயிரும், நமக்கு இருட்டாயிரும். அப்போதான் வெளிச்சம் சென்சாருக்குப் போகும். அதாவது நீங்க எடுத்த அந்த நொடியை நீங்க மட்டும் பாத்திருக்க மாட்டீங்க. மூணு தடவை அமுக்கினேன். பிறகு பின்னால திரையில காட்டினேன். ஆச்சி கண்ணாடியை எடுத்து மாட்டி ரொம்ப நேரம் பாத்தா.

"இந்தக் காதுல கெடந்ததுதான் ஒங்கத்த கலியாணம்" அப்படின்னா. அப்புறம் உளுந்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

ஜங்ஷன்ல ஒரு லேப்ல பிரிண்டுக்குக் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல இருந்த அண்ணாச்சி நல்ல மனுசன். படத்தைத் திறந்ததும், "தம்பி, மொகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கிருதேன். காதையும் சரி பண்ணிரலாம், அஞ்சு நிமிச வேலை. காசு வேண்டாம்" அப்படின்னார். அவருக்கு அது உதவி. எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தார், எல்லாரும் சந்தோசமா வாங்கிக்கிட்டுப் போனாங்க. நான் வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் இது என் காது இல்லையேன்னு தோணுச்சு. அங்கேயே நின்னு வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அம்மா எடுத்து ஆச்சிகிட்ட குடுத்தாங்க. இப்படி இப்படின்னு சொன்னேன். காதை இப்போ எல்லாரும் வச்சிருக்க மாதிரி சின்னதா ஆக்கிரலாமாம், கம்மல் கூட போட்டுருவாராம்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"மொகம்?"

"அதையும் வெள்ளையாக்கலாமாம் ஆச்சி."

"ஒங்க தாத்தாவுக்குச் சட்ட போட்டு விட்டது பத்தாதா? அப்படியே போடச் சொல்லு. காத எடுத்துட்டா அது எவளோ."

அப்படியே போட்டாங்க. 12க்கு 8. அண்ணாச்சி பிரிண்டைக் கையில வாங்கி ஒருவாட்டி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "சன்னல் வெளிச்சமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார்.

ஆச்சி 2014 மாசியில தவறிட்டா. படம் தேட வேண்டியிருக்கல.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ஞ்ச மழை. ஆறு எங்க பட்டாசல் வரைக்கும் வந்துட்டுப் போச்சு. முதல்லயே எல்லாரும் பெருமாள்புரத்துல அத்தை வீட்டுக்குப் போயிட்டோம், தப்பிச்சோம். சுவர்ல இருந்த படங்களைக் கழட்டி பெஞ்சு மேல வச்சிருந்தது. பெஞ்சு மிதந்திருக்கு. தண்ணி வடிஞ்சு வந்து பாத்தா தாத்தா படத்துல அந்தக் காலர் கரைஞ்சு, தோள் கரைஞ்சு, முகத்துல பாதி. நெகட்டிவ் எந்தக் காலத்துலயோ போயிருச்சு. ஆச்சி படம் சட்டத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துச்சு.

ஆச்சியோட ரா ஃபைல் சென்னையில ஹார்ட் டிஸ்க்ல இருந்தது. டிவிடியிலயும் எழுதி வச்சிருந்தேன், அது படிக்கல. புதுசா எழுதுறவங்க, எடுக்குறவங்க, ரெண்டு ஊர்ல ரெண்டு காப்பி வச்சுக்கோங்கப்பா, அதை மட்டும் கெஞ்சிக் கேக்குறேன்.

தாத்தாவும் இருந்தாங்க. 2009ல ஒருநாள், புது லென்ஸ் எவ்வளவு கூர்மைன்னு பாக்குறதுக்காக அவங்க படத்தைச் சட்டத்துல இருந்து கழட்டி, தார்சா நிழல்ல சுவர்ல சாத்தி, ஸ்டூல் மேல கேமராவை வச்சு எஃப்/8ல நேர்க்கு நேரா எடுத்திருந்தேன். கண்ணாடி இல்லாம, ஃபிளாஷ் இல்லாம, பிரதிக்கு அதுதான் முறை. அந்த ஃபைல்ல பிரஷ் கோடு கூடத் தெரியுது.

போன தையில ரெண்டையும் 12க்கு 18ல போட்டு, இந்தத் தடவை கொஞ்சம் உசரத்துலயே ஆணி அடிச்சு மாட்டினோம். ஆறு மெகாபிக்சல் அதுக்கும் தாங்குது. நிக்கான் அந்த வரிசையில கடைசியா விட்ட டி3500 வந்தே 2018ல, அதையும் நிறுத்தியாச்சு. என் டி40 இன்னும் ஓடுது. அத்தானோட பேரன் போன லீவுல எடுத்துப் பாத்துட்டு, "மாமா, இதுல வீடியோ எங்க இருக்கு?"ன்னான். இல்லடான்னேன். திரையில பாத்து எடுக்கவும் முடியாது, கண்ணை வச்சுத்தான் எடுக்கணும்னேன். நம்பாம ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அடுக்களைக்குள்ள போய் எங்கம்மாவை எடுக்க ஆரம்பிச்சான். அரை செகண்ட் ஷட்டர் இழுக்குற சத்தம் பட்டாசல் வரைக்கும் கேட்டுச்சு.